சலூன் நாற்காலிப் பாப்பாண்டவர்

2 பிப்ரவரி 1997, ஞாயிறு

இது அறிவியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள். முன்னால் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம் இருக்கிறது. யாராவது எடுத்துத் திறந்தால் முதலில் பூவைத்தான் பார்ப்பார்கள். பார்த்ததும் மூடிவிட வேண்டும் என்று சூசையப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

பெயரை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அட்டையிலேயே இருக்கிறது. க. புளோரின், பத்தாம் வகுப்பு ‘பி’.

இங்கே பாப்பாண்டவருக்குத் தெரியாமல் யாரும் எதையும் எழுதக் கூடாது. மனதில் தோன்றுவதையெல்லாம் எழுதி வைத்தவர்களால்தான் திருச்சபை கெட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு காலியான உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி எழுதுகிறேன். வெளிச்சத்துக்குப் பீடத்து மெழுகுத்திரியின் அடித்துண்டு. அதுவும் திருட்டு. ஆக இரண்டு பாவம்.

தொட்டி எப்படி வந்தது என்றால், நாங்கள் இருப்பது வீடு இல்லை. புன்னைத்துறையில் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனி. இப்போது இதற்குப் பெயர் புதிய ரோம். அப்பா ஊர்க் கோயிலில் செபமும் ஞானபாடமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தார். அங்கே உதவிக் குருவாக இருந்த எரோணிமுஸ் சாமி, லத்தீனை விட்டுத் தமிழில் வைக்கும் புதுப் பூசை பொய்ப் பூசை என்று மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாரோடு சண்டை போட்டு வெளியே வந்தபோது அப்பாவும் வந்துவிட்டார். அப்பா வந்ததால் அம்மா. அம்மா வந்ததால் நான். துறைமுகத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற தொபியாஸ் மாமா தானாகவே வந்தார். அவரிடம் அட்டை கிழிந்த ஒரு பழைய திருச்சபைச் சட்டப் புத்தகம் இருக்கிறது.

போன அக்டோபரில் இவர்கள் நாலு பேரும் கூடி ஓட்டுப் போட்டார்கள். மூன்று ஓட்டு சாமிக்கு. ஒன்று வெறும் தாள். வெறும் தாளும் சம்மதம்தான் என்று தொபியாஸ் மாமா தீர்ப்புச் சொன்னார். வெள்ளைப் புகை வர ஈர ஓலையைக் கொளுத்தினார்கள். கறுப்பாகத்தான் வந்தது. ஐஸ் கம்பெனி எரிகிறது என்று ஊரே குடமும் வாளியுமாக ஓடி வந்து ஊற்றியது. நனைந்த ஜனங்களுக்கு நடுவே நனைந்த அங்கியோடு சாமி வெளியே வந்து, ரோமில் இருக்கும் போப் செல்லாது, தான்தான் இனி பாப்பாண்டவர் முதலாம் சவேரியார் என்று அறிவித்தார். ‘தீ அணைஞ்சுதா இல்லியா, அதச் சொல்லும்’ என்று ஒருவர் கேட்டார்.

இன்று மெழுகுத்திரித் திருநாள். பூசை முடிந்ததும் பீடத்துப் படியில் நின்று பாப்பாண்டவர் சொன்னார்: ‘மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளன்னைக்கி நம்ம புளோரின் கன்னியாஸ்திரி உடுப்பு வாங்குவா. புதிய ரோமின் முதல் கன்னியாஸ்திரி.’

அப்பா அழுதுவிட்டார், சந்தோஷத்தில். ஒரே ஆள் என்பதால் அன்றைக்கே மடத்துத் தலைவியும் நான்தான் என்று தொபியாஸ் மாமா கணக்குச் சொன்னார். தலைமுடி வெட்டுவார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. அது பொய்ச் சபை சிஸ்டர்கள் நடத்துவது.

ஏப்ரல் 2 எனக்கு அரசுப் பொதுத்தேர்வு.

அம்மா மெழுகுத்திரிகளை அணைத்துக்கொண்டிருந்தாள். அணைந்த ஒன்றை இன்னொரு முறை ஊதினாள்.

ஒரே ஒரு ஆறுதல். பாப்பாண்டவர் இதை நாற்காலியிலிருந்து சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றி நாளை எழுதுகிறேன். திரி முடியப் போகிறது.

3 பிப்ரவரி

நாற்காலி. தூத்துக்குடியில் மூடிய ஒரு சலூனிலிருந்து அப்பா கொண்டுவந்தது. சிம்மாசனத்துக்கு ஏற்ற உயரம் அதற்குத்தான் இருந்தது. ஏற்றலாம், சாய்க்கலாம். ஒரே குறை, பேச்சில் வேகம் வந்தால் சுழலும். அதனால் தொபியாஸ் மாமா பக்கத்தில் நின்று அடித்தட்டை ஒரு காலால் மிதித்துக்கொள்வார்.

அதில் அமர்ந்து பாப்பாண்டவர் சொல்வது தவறாது. யாராலும் மாற்றவும் முடியாது, அவராலும்கூட. கீழே நின்று சொன்னால் சும்மா பேச்சு. நவம்பரில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து தெரியாமல் அதில் உட்கார்ந்து, ‘இன்னைக்கிப் புளிக்குழம்பு வாயில வைக்க வெளங்கல’ என்று சொல்லிவிட்டார். தொபியாஸ் மாமா உடனே எழுதச் சொன்னார். அன்றிலிருந்து புதிய ரோமில் புளிக்குழம்பு கிடையாது.

எழுதியது நான்தான். என் கையெழுத்து அழகாக இருப்பதால் பாப்பாண்டவரின் நிருபங்கள், அதாவது உத்தரவுக் கடிதங்கள், எல்லாம் நான்தான் எழுதுகிறேன்.

ஆக, 19-ம் தேதி அவர் நாற்காலியில் ஏறிச் சொல்லும்வரை நான் கன்னியாஸ்திரி இல்லை. சொல்லிவிட்டால் சாகும்வரை.

6 பிப்ரவரி

பால்காரர் ஆறுமுகம் நேரம் கழித்து வந்ததோடு, திரிகால செப நேரத்தில் மணியும் அடித்துவிட்டார். அவரைச் சபை நீக்கம் செய்ய வேண்டும் என்று பாப்பாண்டவர் சொன்னார்.

‘அவரு இந்துல்லா ஆண்டவரே’ என்றார் அப்பா.

பாப்பாண்டவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ‘மொதல்ல சேத்துக்கிடுவோம். பொறவு நீக்குவோம்’ என்றார்.

அப்பா வெளியே போய்ப் பேசிப் பார்த்தார். சேர விருப்பமில்லை, நீக்குவதாக இருந்தால் சேராமலே நீக்கிக்கொள்ளுங்கள் என்று ஆறுமுகம் சொல்லிவிட்டார். கறுப்புக் காப்பி குடிக்கிறோம்.

9 பிப்ரவரி

வெள்ளை அங்கி ஒன்றே ஒன்றுதான். இன்று நீலம் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன். காக்கை அசிங்கம் பண்ணிவிட்டது. மறுபடி துவைத்தேன். காயும்வரை பாப்பாண்டவர் கைலியோடு உள்ளே இருந்தார். இன்று உலகத் திருச்சபைக்கு மௌன நாள் என்று அறிவித்துவிட்டார். எனக்கு முக்கோணவியல் படிக்க அரை நாள் கிடைத்தது.

12 பிப்ரவரி

சாம்பல் புதன். போன வருடக் குருத்தோலையை எரித்துச் சாம்பல் எடுக்க வேண்டும். போன வருட ஓலை பொய்க் குருவானவர் மந்திரித்தது, ஆகாது. அடுப்புச் சாம்பலைப் பூசினார்கள். நெற்றியில் மீன் வாசனையோடு பள்ளிக்கூடம் போனேன்.

வகுப்பு ஆசிரியை சிஸ்டர் பெனிஞ்ஞா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘ஒங்கப்பா ஒன்ன பரீட்சைக்கு விடுவாவளா?’ என்று கேட்டார். நான் அழக் கூடாது என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்ததில் சாம்பல் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது.

17 பிப்ரவரி

இன்று பங்குச் சாமியார் வெனான்சியுஸ் டி.வி.எஸ். 50-இல் வந்தார். அவர் வந்தாலே நாங்கள் உள்ளே போய்விட வேண்டும் என்று உத்தரவு. நான் ஐஸ் அச்சுகளுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

‘ஏல எரோணி’ என்றார் அவர். பாப்பாண்டவரை!

‘முதலாம் சவேரியாரோட பேசுத நீ’ என்றார் பாப்பாண்டவர்.

‘செமினரில என் பக்கத்துக் கட்டில்ல படுத்து ஒம்பது வருசம் கொறட்ட விட்ட எரோணிட்டத்தான் பேசுதேன். நீ என்னமும் பண்ணு. தலையில மூணு கிரீடம் வச்சிக்கோ. அந்தப் பிள்ளைய பரீட்சை எழுத விடு. சிஸ்டர் வந்து அழுதாவ.’

‘வெளிய போ. நீ குருவே கெடையாது.’

‘ஆமால. ரெண்டு பேரையும் சேத்து வச்சிப் பாத்தா ஒனக்குத்தான் கிறுக்கு முத்திருக்கு’ என்று சிரித்துக்கொண்டே அவர் வண்டியை உதைத்தார். வண்டி உடனே கிளம்பவில்லை. எட்டு முறை உதைத்தார். பாப்பாண்டவர் எட்டு முறையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்காக ஒருவர் வந்தார். அதற்கு என்னை அடிப்பார்களோ என்று பயந்தேன். யாரும் என்னைப் பார்க்கவேயில்லை. பாப்பாண்டவர் நேராக நாற்காலிக்குப் போனார்.

18 பிப்ரவரி

நேற்று மாலை சொன்ன நிருபத்தை இன்று மூன்று படி எழுதி முடித்தேன். கை வலிக்கிறது.

‘வேய் தொபியாஸ், இந்தப் புதுக் குருப்பட்டச் சடங்கு நம்ம பக்கம் எப்ப வந்துது?’ என்று பாப்பாண்டவர் கேட்டார். தொபியாஸ் மாமா, மிதித்த காலை எடுக்காமல், புத்தகத்தின் பின் தாளில் தான் பென்சிலால் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து, ‘அறுபத்தொம்பது டிசம்பரு’ என்றார்.

‘எழுது பிள்ள’ என்றார் பாப்பாண்டவர்.

நிருபம் இதுதான்: 1969 டிசம்பர் முதல் புதிய சடங்கின்படி கையில் எண்ணெய் பூசப்பட்ட எவரும் குருவானவர் அல்ல. அவர்கள் வைத்த பூசை பூசை அல்ல. அவர்கள் கொடுத்த பாவமன்னிப்பு மன்னிப்பு அல்ல. இதை எந்த மேற்றிராணியாரும், எந்தப் பாப்பாண்டவரும், யாம் உட்பட, ஒருபோதும் திரும்பப் பெற இயலாது.

‘யாம் உட்பட’ என்பதற்கு அடிக்கோடு போடச் சொன்னார். சிவப்பு மையில் போட்டேன்.

‘செத்தான் வெனான்சியுஸ்’ என்றார் அப்பா.

20 பிப்ரவரி

நிருபத்தில் ஒன்று ரோமுக்கு, ஒன்று மேற்றிராணியாருக்கு, ஒன்று பங்குக் கோயில் கதவுக்கு. தபால் நிலையத்தில் அம்மாவும் நானும் நின்றோம். ‘ரோமுக்குப் பின்கோடு என்னம்மா?’ என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். அம்மா, ‘தெரியாது சார். அவிய படிக்கப் போறதில்ல. எப்படிப் போனாலும் போவட்டும்’ என்றாள்.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பொய் சொல்வதா என்று தெரியவில்லை.

23 பிப்ரவரி

sin 30 = 1/2. பயமாக இருக்கிறது.

1 மார்ச்

எழுதுவதற்கு முன் தொட்டிக்கு மேலே யாரும் இல்லையே என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன்.

இன்று நிருபங்களின் பதிவேட்டைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். மை பாட்டிலைத் தூக்கினால் அடியில் ஒரு சுரூபப் படம். பழையது, ஓரம் பழுப்பு. முன்பக்கம் நல்ல ஆயர். புதிதாகப் பட்டம் பெறும் குருக்கள் எல்லோருக்கும் கொடுப்பார்களே, அந்த நினைவுப் படம். பின்பக்கம் அச்சில் இருந்தது:

‘எங்கள் குருப்பட்ட நினைவாக. 12-4-1970. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எரோணிமுஸ், வெனான்சியுஸ்.’

அம்மாவின் ஊர்க் கோயிலின் பெயர் கீழே இருந்தது.

1969 டிசம்பர். 1970 ஏப்ரல். கணக்கில் சந்தேகமாக இருந்தால் இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்வார். நான் விரல் விட்டு நாலு முறை எண்ணினேன். நாலு மாதம் பிந்தி.

ஒரே நாள், ஒரே கோயில், ஒரே எண்ணெய். வெனான்சியுஸ் சாமி குரு இல்லை என்றால் பாப்பாண்டவரும் இல்லை. திரும்பப் பெறவும் முடியாது. யாம் உட்பட. அடிக்கோடு நான் போட்டது.

படத்தை நோட்டில் செம்பருத்திப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மை பாட்டிலுக்கு அடியில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

2 மார்ச்

பூசையில் அம்மாவின் செபப் புத்தகத்தைப் பார்த்தேன். ‘குருக்களுக்காக வேண்டுதல்’ பக்கத்தில் ஒரு படத்தின் அளவுக்குத் தாள் வெளுப்பாக இருக்கிறது. சுற்றிலும் மஞ்சள். அம்மா எதையும் தொலைத்தவளைப் போலத் தேடவில்லை.

பூசையின்போது நான் தலையைத் தூக்கவில்லை. இது பூசைதானா?

8 மார்ச்

இன்றோடு பள்ளிக்கூடம் நிறுத்தியாயிற்று. அப்பாவே வந்து சொல்லிவிட்டுக் கூட்டி வந்தார். சைக்கிளில் வரும்போது, ‘மோட்சத்துக்கு மார்க் ஷீட் வேண்டாம்ட்டி’ என்றார். அவர் குரல் சந்தோஷமாக இல்லை. அப்பா பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை தவறியவர். மூன்றாவது முறை பாஸாகி, அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். புதிய ரோமுக்கு வரும்போது அதை எடுத்து வரவில்லை.

பாப்பாண்டவர் அப்பாவைக் கர்தினாலாக்கியபோது சிவப்பு சாட்டின் துணியில் தைத்த மேலாடை சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்துவிட்டது. ஊசி நூல் போட்டுக் கொடுத்தேன்.

11 மார்ச்

அம்மா என் கன்னியாஸ்திரி உடுப்பைத் தைக்கிறாள். அளவு எடுக்கவில்லை. ‘எம் பிள்ள அளவு எனக்குத் தெரியாதா?’ என்கிறாள்.

14 மார்ச், வெள்ளி

செய்துவிட்டேன். நரகத்துக்குப் போனாலும் போவேன்.

வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம். குளிர் அறைக்குள் பாப்பாண்டவர் உட்கார்ந்திருப்பார். அதன் கதவில் ஒரு துவாரம். வெளியே முழங்காலில் இருந்து நாம் செய்த பாவங்களைச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது, கேட்டதை வைத்துத் தண்டிக்கவும் கூடாது. இதை யோசித்துத்தான் ஒரு வாரம் காத்திருந்தேன்.

‘வேற?’ என்றார்.

‘பீடத்து மெழுகுத்திரித் துண்டு எடுத்தேன்.’

‘எத்தன?’

‘பதினொண்ணு.’

‘எதுக்கு?’

‘வெளிச்சத்துக்கு.’

‘சரி. வேற?’

‘ஒருத்தர் குரு இல்லன்னு தெரிஞ்சும் அவர்ட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனா பாவமா?’

‘பெரிய பாவம். அந்த வெனான்சியுஸ்ட்ட போனியா?’

‘இல்ல.’

‘பின்ன யாருட்டப் பண்ணுன?’

‘இப்பதான் பண்ணிட்டிருக்கேன்’ என்று சொல்லிப் படத்தைத் துவாரத்துக்குள் தள்ளினேன்.

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம். ஒன்று அணைந்தது. இன்னொன்று உரசினார். அதுவும் அணைந்தது. மூன்றாவது குச்சி முழுவதும் எரிந்தது.

‘அன்னைக்கி வெனான்சியுஸுக்கு நல்ல காய்ச்சல்’ என்றார். ‘நடக்க முடியல. நாந்தான் கையப் புடிச்சிப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்.’

நான் முழங்காலிலேயே இருந்தேன்.

‘நான் எப்பவுமே பழைய ஆளுன்னு நெனச்சிட்டேன் பிள்ள’ என்றார்.

பாவமன்னிப்புக்காகத் தலையைக் குனிந்தேன். துவாரம் வழியே அவர் கை தெரிந்தது. சிலுவை வரைய உயர்ந்தது. மேலிருந்து கீழே இறங்கியது. குறுக்கே போகவில்லை. அப்படியே மடிந்து உள்ளே போய்விட்டது.

15 மார்ச்

இன்று பூசை இல்லை. பாப்பாண்டவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அங்கி கொடியில் காய்ந்து கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

திருச்சபையை நான் உடைத்துவிட்டேனா?

16 மார்ச், ஞாயிறு

இன்றும் பூசை இல்லை. பத்து மணிக்குப் பாப்பாண்டவர் கைலியோடு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் நின்றார். ‘நான் குரு இல்ல’ என்றார்.

அப்பா கைகூப்பி, ‘தவக்காலத்துத் தாழ்ச்சி!’ என்றார்.

‘தாழ்ச்சி இல்ல கஸ்பாரு. தேதி’ என்று சொல்லி அவர் படத்தைக் காட்டினார்.

தொபியாஸ் மாமா கண்ணாடி போட்டு, படத்தைப் பார்த்து, நிருபத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

‘அப்பம் நிருபம் போட்டது யாரு?’ என்றார் அப்பா.

‘பாப்பாண்டவரு’ என்றார் தொபியாஸ் மாமா.

‘குரு இல்லாதவரு பாப்பாண்டவரா இருக்கலாமா வே?’

‘இருக்கலாம். பொஸ்தகத்துல இருக்கு. ஆனா ஒடனே ஒரு மேற்றிராணியாரு பட்டம் குடுக்கணும்.’

‘யாரு இருக்கா குடுக்க?’

‘ஒருத்தரும் இல்ல. புது மேற்றிராணியாருங்க எல்லாரையும் நிருபத்துல தள்ளிட்டோம். பழசுங்கள போன டிசம்பர்லயே சபை நீக்கம் பண்ணியாச்சு.’

‘நிருபத்தத் திரும்ப வாங்குவோம்.’

‘வாங்க முடியாதுன்னு நிருபத்துலயே இருக்குவே. பிள்ள செவப்புல அடிக்கோடு போட்டு வச்சிருக்கா.’

அப்பா தன் சிவப்பு மேலாடையைப் பார்த்தார். ‘அப்பம் நான் யாரு?’ என்றார்.

‘இந்தப் படம் எங்கருந்து வந்துது?’ என்று அப்பாவே கேட்டார். அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

‘சர்வேசுரன் காட்டுனாரு’ என்றார் பாப்பாண்டவர்.

என் பக்கம் திரும்பவேயில்லை. குரு இல்லையென்றால் அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். எந்தச் சட்டமும் தடுத்திருக்காது.

ஆனால் கடைசியில் தொபியாஸ் மாமா புத்தகத்தைப் புரட்டி ஒன்று கண்டுபிடித்தார். கன்னியாஸ்திரிக்கு உடுப்புக் கொடுக்கக் குருப்பட்டம் தேவையில்லை, அதிகாரம் போதும். பாப்பாண்டவரிடம் அதிகாரம் இன்னும் இருக்கிறது.

அப்பா எழுந்து நின்றார். ‘இது ஒண்ணாவது நடக்கட்டும் ஆண்டவரே’ என்றார். ‘இதுவும் இல்லன்னா நான் ஊருக்குள்ள எந்த மொகத்தோட போவேன்?’

நான் போட்ட கணக்கு சரி. விடை மட்டும் தப்பாக வந்துவிட்டது.

18 மார்ச்

இன்று கடைசியாக முடியைப் பின்னினேன். அவிழ்த்து இன்னொரு முறையும் பின்னினேன்.

19 மார்ச், சூசையப்பர் திருநாள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பது மணி. தட்டில் கத்தரிக்கோல், இன்னொரு தட்டில் உடுப்பு. அப்பா உடுப்பை விரித்துப் பார்த்தார். எனக்கு முழங்காலுக்கு மேலேயே நிற்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்ததுபோல் இருந்தது.

‘என்ன சலேத் இது?’ என்றார்.

‘அளவு மறந்து போச்சி’ என்றாள் அம்மா.

‘போர்வையப் போத்திச் சமாளிக்கலாம்’ என்றார் தொபியாஸ் மாமா.

என்னை முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். நிருபம் எழுதும் பதிவேடும் என் முன்னால் இருந்தது. நான் கன்னியாஸ்திரியாவதை நானே எழுத வேண்டும், வேறு யாருக்கும் கையெழுத்து நன்றாக இல்லை.

பாப்பாண்டவர் அங்கியோடு வந்தார். நாலு நாளாகச் சவரம் செய்யவில்லை. சலூன் நாற்காலியில் அப்படி உட்கார்ந்தபோது சவரத்துக்குக் காத்திருப்பவரைப் போல இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. கர்த்தர் மன்னிப்பாராக.

அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். என் பின்னலைப் பிடித்தார். கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

‘சொல்லுங்க ஆண்டவரே’ என்றார்.

பாப்பாண்டவர் வாயைத் திறந்தார். திடீரென்று முன்னால் சாய்ந்தார். தொபியாஸ் மாமாவின் கால் வழுக்கியது. நாற்காலி சுழன்றது. பாப்பாண்டவர் சுவரைப் பார்த்தார், ஐஸ் அச்சுகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி சுவர், மறுபடி அம்மா. தொபியாஸ் மாமா பாய்ந்து பிடித்தபோது நேராக என் முகத்துக்கு முன்னால் நின்றது.

‘எழுது பிள்ள’ என்றார்.

பேனாவை எடுத்தேன்.

‘புளோரின் பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதணும்.’

அப்பா கத்தரிக்கோலைத் தாழ்த்தினார்.

‘அதுக்கப்புறம் பதினொண்ணு, பன்னெண்டு. மேல படிக்கணும்னா அதுவும். இத எந்த மேற்றிராணியாரும், எந்தப் பாப்பாண்டவரும் மாத்த முடியாது. யாம் உட்பட. அடிக்கோடு போடு.’

‘ஆண்டவரே’ என்றார் அப்பா, கத்தரிக்கோலோடு. ‘நாற்காலில இருந்தா சொல்லுதீய?’

‘பாத்தா தெரியலியா கஸ்பாரு?’

அப்பா தொபியாஸ் மாமாவைப் பார்த்தார். தொபியாஸ் மாமா நாற்காலியின் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். ‘முழுசா உக்காந்துதான் இருக்காவ’ என்றார். ‘சொன்னது சொன்னதுதான்.’

நான் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு அசிங்கமான கையெழுத்து வந்ததில்லை.

அப்பா என் பின்னலை இன்னும் விடவில்லை. ‘பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வேணும்லா? பள்ளிக்கூடத்த நிப்பாட்டியாச்சே’ என்றார். அது மறுப்பா, கவலையா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

அம்மா செபப் புத்தகத்தைத் திறந்தாள். ‘குருக்களுக்காக வேண்டுதல்’ பக்கம். அங்கே இரண்டாக மடித்த ஒரு தாள். என் போட்டோ, என் எண், பள்ளி முத்திரை.

‘சிஸ்டர் மீன் மார்க்கெட்ல வச்சித் தந்தாவ’ என்றாள். ‘போன மாசக் கடைசில.’

போன மாசக் கடைசி என்றால், மை பாட்டிலுக்கு அடியில் படம் வருவதற்கு ஓரிரு நாள் முன்னால்.

அப்பா பின்னலை விட்டார்.

பாப்பாண்டவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவரிடம் அம்மா, ‘சாமி, மத்தியானம் புளிக்குழம்பு வைக்கட்டா?’ என்று கேட்டாள். ஆண்டவரே என்று சொல்லவில்லை. சாமி என்றாள், ஊரில் கூப்பிடுவதுபோல.

‘அது நாற்காலில சொன்னதுல்லா’ என்றார் அவர்.

‘நீங்க சாப்பிடாதீங்க. நாங்க சாப்பிடுதோம்.’

பாப்பாண்டவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். தொபியாஸ் மாமா பார்க்காததுபோல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

27 மார்ச், பெரிய வியாழன்

எரோணிமுஸ் சாமி இன்று காலை போய்விட்டார். அங்கியை மடித்து நாற்காலியில் வைத்திருந்தார். பங்குச் சாமியார் தங்கும் பங்களாவுக்குப் போய் வெனான்சியுஸ் சாமியாரின் முன்னால் முழங்காலில் நின்றாராம். ‘எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேளு’ என்றாராம். ‘ஒன் நிருபத்துப்படி நானே குரு இல்லியேல’ என்றாராம் அவர். பிறகு இருவரும் இட்டிலி சாப்பிடப் போனார்கள் என்று ஆறுமுகம் சொன்னார். ஆறுமுகம் இப்போது பால் ஊற்றுகிறார்.

தொபியாஸ் மாமா நாற்காலிக்குத் துணி போர்த்தி, இனி அது காலி என்று அறிவித்தார். அப்பாவிடம், ‘வே கஸ்பாரு, ஒமக்கு விருப்பமுண்டா?’ என்று மெதுவாகக் கேட்டார். ‘எனக்குப் பிள்ளையப் பரீட்சைக்குக் கொண்டு விடுத சோலி கெடக்கு’ என்றார் அப்பா.

2 ஏப்ரல்

தமிழ் முதல் தாள். நன்றாக எழுதினேன்.

அப்பா சைக்கிளில் கொண்டுவிட்டார். வாசலில் இறங்கியதும், ‘ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்தியா?’ என்றார். தமிழ்ப் பரீட்சைக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘எடுத்திருக்கேன்பா’ என்றேன்.

வேப்பமரத்தடியில் வெனான்சியுஸ் சாமியாரின் டி.வி.எஸ். 50 நின்றது. அதில் சாய்ந்து கட்டம் போட்ட சட்டையோடு எரோணிமுஸ் சாமி. சவரம் செய்திருந்தார். ‘அங்கிள், வண்டியக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க’ என்று ஒரு சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் தள்ளி நிறுத்தினார்.

‘தோத்திரம் சாமி’ என்றேன்.

பழக்கத்தில் கை உயர்ந்தது. மேலிருந்து கீழே வந்தது, அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையை என் தலையில் வைத்தார். சும்மா கை. கொஞ்சம் கனமாக இருந்தது.

‘பதறாம எழுது. கையெழுத்து முக்கியம்’ என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, ‘இத உங்கம்மாட்டக் குடுத்துரு’ என்றார்.

அது அம்மாவுடையது என்று நான் அவரிடம் சொன்னதேயில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, பார்க்காமலே, செபப் புத்தகத்தில் வெளுத்திருந்த இடத்தில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

இன்னும் வெளிச்சம் போகவில்லை. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா குழம்புச் சட்டியோடு என்னைக் கடந்து போனாள். நோட்டைப் பார்த்தாள். நான் செம்பருத்திப் பக்கத்துக்குத் திருப்பவில்லை.

‘என்னட்டி எழுதுத?’ என்றாள்.

‘சும்மா.’

‘நாளைக்கி ரெண்டாம் தாளு. அதப் படி’ என்றாள்.